ஆமைக்கு வாய்க்கட்டு

அக்கா அலுவலக நேரத்தில் போன் செய்கிற ஆள் இல்லை. அன்று காலை சின்னவள் தன் நாற்காலியில் உட்கார்ந்து பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, போன் அடித்துவிட்டது. எடுத்தால் மறுமுனையில் அழுகையும் நாய்க் குரைப்பும் கலந்து கேட்டன. குரைப்பு புதிதல்ல. அக்கா வேலை பார்ப்பது பிராணிகள் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில். அழுகைதான் புதிது.

"என்னக்கா ஆச்சு?"

"ஆமைக்கு வாய்க்கட்டு போடச் சொல்லிச் சீட்டு வந்திருக்குடி."

சின்னவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. நல்லவேளையாக அடக்கிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். யாராவது பிராணியைக் கொண்டுவந்தால் அக்கா கணினியில் அதன் பெயரைத் தேர்ந்தெடுப்பாள். அதன் பழைய விவரங்கள் திரையில் வரும். பதிவு பட்டனை அழுத்தினால் ஒரு சீட்டு அச்சாகி வெளியே வரும். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் டாக்டரம்மா வைத்தியம் செய்வார். அன்று காலை ஆமையின் சீட்டில் ஆமையின் பெயர் சரியாக இருந்தது, அதை வளர்ப்பவரின் பெயரும் சரியாக இருந்தது. கீழே மட்டும், 'எடை முப்பத்தெட்டு கிலோ. கடிக்கும். வாய்க்கட்டு அவசியம்' என்று அச்சாகியிருந்தது. அது ஆமைக்கு முன்னால் வந்துபோன நாயின் விவரம். ஆமைக்காரர் அந்தச் சீட்டை வரிசையில் இருந்த அத்தனை பேரிடமும் காட்டிவிட்டுத்தான் உள்ளே போனார்.

இது முதல் தடவையும் இல்லை. போன வாரம், மடியை விட்டு இறங்காத ஒரு செல்ல நாய்க்குட்டியின் சீட்டில் 'முட்டையிடுவது நின்றுவிட்டது' என்று வந்து, அந்தக் குட்டியின் எஜமானி அக்காவை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். அப்போதெல்லாம் டாக்டரம்மாவும் சேர்ந்து சிரித்தார். ஆனால் நேற்று ஒரு பூனைக்குட்டியின் சீட்டில் பெரிய நாயின் எடை வந்துவிட்டது. மருந்தை எடைக்குத் தகுந்த அளவு ஊசியில் ஏற்றிய பிறகுதான் டாக்டரம்மா நிமிர்ந்து மேசைமேல் இருந்த குட்டியைப் பார்த்தார். பார்த்ததால் குட்டி பிழைத்தது. அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

"திங்கக்கிழமையிலேருந்து முன்மேசை எனக்கு வேணாமாம். கூண்டறைக்குப் போய்க் கூண்டு கழுவணுமாம். எல்லாத் தப்பும் என் மேசையிலேருந்துதான் போயிருக்காம். நிதானம் ஐயா மேசையில ஒண்ணுகூட இல்லையாம்."

நிதானம் என்பது டாக்டரம்மா வைத்த பெயர். அக்காவுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், ஒரு பெயரை அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போவதற்குள் வாசலில் இரண்டு நாய்கள் சண்டை போட்டு, சமாதானமாகி, தூங்கியும் விடும்.

"டீ," என்றாள் அக்கா. குரல் சின்னதாகிவிட்டது. "நீ எழுதின புரோகிராம்ல ஏதாவது இருக்குமா?"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த மருத்துவமனைக்கு மென்பொருள் எழுதியவள் சின்னவள்தான். 'என் தங்கச்சி செஞ்சு குடுப்பா' என்று ஒற்றைக்காலில் நின்று அந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவள் அக்கா.

"பாக்கறேன்க்கா," என்றாள் சின்னவள்.

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டாளே தவிர, மனதுக்குள் பாதி தீர்ப்பு எழுதியாகிவிட்டது. இரண்டு மேசைக்கும் ஒரே மென்பொருள். ஒரு மேசையில் தப்பு வருகிறது, இன்னொன்றில் வரவில்லை. அக்காவுக்கு வீட்டில் வைத்த பெயரே அவசரக்குடுக்கை. வீட்டில் எது உடைந்தாலும் முதல் சந்தேகம் அவள்மேல்தான் விழும், பூனை உடைத்திருந்தாலும். இத்தனைக்கும் மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு பிராணியையும் அவளுக்கு முகம் பார்த்தே தெரியும். வாசல் தாண்டும்போதே பெயரில் மூன்று எழுத்தை அடித்து, தேர்ந்தெடுத்து, பதிவையும் அழுத்திவிடுவாள். திரையைக்கூடப் பார்க்கமாட்டாள். அதற்கான குறுக்குவழி விசைகளைச் சொல்லிக் கொடுத்ததும் சின்னவள்தான்.

சரி, வேலைக்கு வருவோம். ஓடுகிற புரோகிராமில் தப்பைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பிரவுசரிலேயே இருக்கும் டீபக்கர் என்ற சோதனைக் கருவியைத் திறந்து, சந்தேகப்படும் வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அதற்குப் பெயர் பிரேக்பாயிண்ட். புரோகிராம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடி வந்து, அந்தப் புள்ளியில் சட்டென்று நிற்கும். நின்றதும் அதன் சட்டைப்பை, பெட்டி, படுக்கை எல்லாவற்றையும் சோதனை போடலாம்.

நிற்க வேண்டும் என்பது விதி. சின்னவள் வைத்த புள்ளியில் அது நிற்கவில்லை. நீ யார் என்னை நிறுத்த என்பதுபோல் ஓடிப்போய்ப் பதிவையும் முடித்துவிட்டது. இரண்டாவது புள்ளி வைத்தாள், அதையும் தாண்டியது. நான்கைந்து வரிகளில் வரிசையாக வைத்துப் பார்த்தாள். ஒன்றிலும் நிற்கவில்லை.

பக்கத்து இருக்கையில் இருக்கிறவனுக்குத் தாடி என்று பெயர். தாடி இருப்பதால் வந்த பெயர். யார் திரையில் என்ன சிக்கல் என்றாலும் நாற்காலியைச் சக்கரத்தோடு உருட்டிக்கொண்டு வந்துவிடுவான்.

"புள்ளி எல்லாத்தையும் மொத்தமா அணைக்கற பட்டன் ஒண்ணு இருக்கும். அதை அழுத்தி வெச்சிருக்கப் போற," என்றான்.

"என்னை என்ன நேத்து வேலைக்குச் சேர்ந்தவன்னு நெனச்சியா?"

அவன் திரும்பிக்கொண்டதும் மெதுவாகப் போய்ப் பார்த்தாள். அழுத்தித்தான் இருந்தது. சத்தமில்லாமல் விடுவித்தாள்.

இப்போது நின்றது. ஆனால் புள்ளி வைத்த வரியில் இல்லை. எங்கேயோ கீழே, ஓர் அடைப்புக்குறி தனியாக உட்கார்ந்திருக்கும் வரியில் போய் நின்றது. அங்கே சோதனை போட என்ன இருக்கிறது? தாடி மறுபடி உருண்டு வந்தான்.

"பிரேம்வொர்க் வெச்சு எழுதினா அப்படித்தான். நீ எழுதறது ஒண்ணு, அது பிரவுசருக்குப் போடறது ஒண்ணு."

அதென்னவோ உண்மை. பிரேம்வொர்க் என்பது வீட்டுக்குச் சமையல்காரர் வைத்துக்கொள்வது மாதிரி. நாம் வாங்கிக் கொடுக்கும் காய் ஒரு உருவத்தில் இருக்கும், இலைக்கு வருவது வேறு உருவத்தில் இருக்கும். எந்தத் துண்டு எந்தக் காயிலிருந்து வந்தது என்று சொல்ல ஒரு வரைபடம் உண்டு, அதற்கு சோர்ஸ் மேப் என்று பெயர். சின்னவளிடம் இருந்தது பழைய வரைபடம். அதை நம்பிப் புள்ளி வைத்தால், குடித்தனக்காரர் காலி செய்துவிட்டுப் போன வீட்டு வாசலில் காவல் நின்ற கதைதான்.

வரைபடத்தைப் புதிதாகக் கட்டினாள். பிறகு பிரேம்வொர்க்கின் குடலுக்குள்ளெல்லாம் போய் நிற்க ஆரம்பித்தது. யாரோ எழுதிய ஆயிரக்கணக்கான வரிகள், ஒரு வரிகூட அவளுக்குச் சம்பந்தமில்லை. அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லும் புறக்கணிப்புப் பட்டியலில் அதைச் சேர்த்தாள். வேலியைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டதால் அவளுடைய சொந்தக் கோப்புகளும் பட்டியலுக்குள் போய்விட்டன. மறுபடி எங்கேயும் நிற்கவில்லை. வேலியைச் சுருக்கினாள். இதற்கு நடுவே, ஒவ்வொரு தடவை கோப்பைச் சேமிக்கும்போதும் பிரேம்வொர்க் கமுக்கமாக ஒரு புதுப் பிரதியைக் கொண்டுவந்து ஓடவிட, புள்ளி பழைய பிரதியிலேயே அப்பாவியாக உட்கார்ந்திருந்தது. சின்னவள் தலையைப் பிய்த்துக்கொண்டாள். பக்கத்தை முழுசாகப் புதுப்பித்து, புள்ளியை எடுத்து மறுபடி வைத்தாள்.

சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகு, ஒருவழியாக, நிற்க வேண்டிய வரியில் நின்றது.

நாயைத் தேர்ந்தெடுத்தாள். பிறகு ஆமையைத் தேர்ந்தெடுத்தாள். ஆமையின் விவரத்தைக் கேட்டு அனுப்பிய வரியில் புரோகிராம் நின்றது. அங்குலம் அங்குலமாகச் சோதித்துவிட்டுப் போகவிட்டாள். பதிவை அழுத்தினாள். ஆமைக்கு ஆமையின் எடைதான் வந்தது. முயல், கிளி, ஆடு என்று மாற்றி மாற்றி அழுத்தினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் ஒரு தப்புகூட இல்லை.

"புரோகிராம் சுத்தம்," என்று தாடி தீர்ப்பு சொன்னான். "ஆள்தான் சரியில்ல."

சின்னவளுக்கு நிம்மதியாக இருந்தது. நம்மிடம் தப்பில்லை என்ற நிம்மதி. அதற்காகப் பின்னால் அவள் வெட்கப்பட்டாள், ஆனால் அந்த நேரத்தில் நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் வீட்டில் அக்கா எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே முகத்தைப் பார்த்தாள்.

"என் பக்கம் எல்லாம் சரியாத்தான்க்கா இருக்கு. நீ கொஞ்சம் பாத்து அழுத்தேன்," என்றாள் சின்னவள்.

அம்மாவுக்கு அது போதாதா? "நான் தொண்டை கிழியக் கத்தினேன். எதுல அவசரம் இல்ல இவளுக்கு? பொறந்ததே டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னாடி."

வேறு நாளாக இருந்தால் அக்கா ஒன்றுக்கு மூன்றாகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். அன்று எழுந்து அடுப்படிக்குப் போய் வந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து போனாள்.

"என்னக்கா தேடற?"

"கேஸை மூடினேனான்னு பாத்தேன்."

"இப்பதானே பாத்த?"

"அதான், சரியாப் பாத்தேனான்னு..."

சின்னவளுக்கு என்னவோ போலிருந்தது. இந்த வீட்டில் யாருக்காவது தன்மேல் சந்தேகமே வராது என்றால் அது அக்காவுக்குத்தான். அவள் இப்படி ஒன்றை இரண்டு தடவை பார்த்து யாரும் கண்டதில்லை. மறுநாள் எனக்கு விடுமுறைதான், நானும் உன்னோடு வருகிறேன் என்றாள் சின்னவள்.

மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. காலில் கட்டுப்போட்ட ஆடு, அட்டைப் பெட்டியில் முயலை வைத்திருந்த பெண், கூண்டுக்கிளியோடு ஓர் அம்மா, எல்லாரையும் முறைத்துக்கொண்டு ஒரு பூனை. சின்னவள் அக்காவின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். டாக்டரம்மா வந்து இருவருக்கும் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அக்கா விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். ஓர் எழுத்தை அடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். இன்னோர் எழுத்து, மறுபடி பார்வை. பதிவு பட்டனுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு வாய்க்குள்ளேயே ஏதோ எண்ணினாள். பூனையின் சீட்டு பூனைக்குச் சரியாக வந்தது. அதற்கு அடுத்ததும் சரி.

"பாத்தியா?" என்றார் டாக்டரம்மா. குரலில் கோபம்கூட இல்லை, வருத்தம்தான் இருந்தது. "பொறுமையா செஞ்சா சரியா வருது. இத்தனை நாள் இதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்? ஊசி என் கையில இருந்ததும்மா. அந்தக் குட்டி போயிருந்தா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டரம்மா உள்ளே போனார். சின்னவள் எழுந்து, சும்மா ஒரு சாக்குக்காக, நிதானம் ஐயாவின் மேசைக்குப் போய் நின்றாள்.

நின்றவள் குனிந்து திரையைப் பார்த்தாள்.

ஐயாவின் திரையில் பாதியைத்தான் மருத்துவமனையின் பக்கம் பிடித்திருந்தது. கீழ்ப்பாதி முழுக்க டீபக்கர் திறந்து கிடந்தது. ஐயா ஒரு நாயின் பெயரைத் தேர்ந்தெடுத்தார். உடனே பக்கம் மங்கியது. மேலே, 'டீபக்கரில் நிறுத்தப்பட்டுள்ளது' என்று ஒரு சின்னப் பட்டை வந்தது. ஐயா பதறவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார். நாய்க்காரரைப் பார்த்து "இவன்தானே?" என்று கேட்டார். பிறகு பட்டையில் இருந்த நீல முக்கோணத்தைப் பக்தியோடு அழுத்தினார். பக்கம் வெளிச்சமானது, நாயின் விவரம் வந்தது.

"ஐயா, இது... இது என்ன?"

"இதுதாம்மா அனுமதி," என்றார் ஐயா. "பேரைத் தேர்ந்தெடுத்ததும் கம்ப்யூட்டர் ஒரு நிமிஷம் நின்னு, நிச்சயமான்னு கேக்கும். நாம யோசிச்சு முக்கோணத்தை அழுத்தணும். ரொம்ப நல்ல ஏற்பாடு பண்ணியிருக்கீங்க. உங்க அக்கா மேசையில ஏனோ இது வர்றதே இல்ல. அதான் பாவம், தப்பு வருது."

எழுதியவளையே பாராட்டுகிறார். சின்னவளின் முகத்தில் ஈயாடவில்லை. மென்பொருளை இங்கே நிறுவிய அன்றைக்கும் புள்ளி நிற்காமல் அடம்பிடித்தது. அலுத்துப்போய், புரோகிராமின் மருத்துவமனைப் பிரதிக்குள்ளேயே 'நில்' என்று சொல்லும் ஒற்றை வார்த்தையை எழுதிவிட்டிருந்தாள். புள்ளி தேவையில்லை, டீபக்கர் திறந்திருந்தால் அந்த வார்த்தையிலேயே புரோகிராம் நின்றுவிடும். திறந்திராவிட்டால் கண்டுகொள்ளாமல் ஓடிவிடும். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தாள், எடுக்கவில்லை. ஐயாவின் கணினியில் டீபக்கரை மூடவும் இல்லை. ஐயா அதை மென்பொருளின் ஓர் அங்கம் என்று எண்ணி, இத்தனை நாளும் ஒவ்வொரு பிராணிக்கும் அனுமதி வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தாள். ஐயாவின் கணினி எங்கே நிற்கிறது? விவரத்தைக் கேட்டு அனுப்பிய உடனே நிற்கிறது. அவர் கண்ணாடி துடைக்கும் நேரத்தில் விவரம் வந்து வாசலில் காத்திருக்கும். முக்கோணத்தை அழுத்தியதும் உள்ளே வந்துவிடும். அதனால் அவருக்குத் தப்பே வராது. அக்காவுக்கு நிற்பதே இல்லை. பெயரைத் தேர்ந்தெடுத்து, விவரம் வந்து சேர்வதற்குள் பதிவையும் அழுத்திவிடுகிறாள். புரோகிராம் கையில் இருக்கும் பழைய விவரத்தை, முந்தைய பிராணியுடையதை, புதுப் பெயருக்கு ஒட்டிக் கொடுத்துவிடுகிறது.

நேற்று அலுவலகத்தில் மட்டும் ஏன் வரவில்லை? அதே வரியில்தானே புள்ளி வைத்தாள்? நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள், விவரம் வந்து சேர்ந்தது. தப்பைப் பிடிக்க அவள் போட்ட காவலே தப்பை வரவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. அரை நாள் பாடுபட்டு அந்தக் காவலைப் போட்டதை நினைத்தபோது தன்னையே நாலு அறை அறையலாம் போலிருந்தது.

இதை டாக்டரம்மாவிடம் வாயால் சொன்னால் போதாது. தங்கை அக்காவுக்குப் பரிந்து பேசுகிறாள் என்றுதான் நினைப்பார். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், ஆனால் நிறுத்தக் கூடாது. அதற்கும் ஒரு வகைப் புள்ளி உண்டு. அது புரோகிராமை நிறுத்தாது. தாண்டிப் போகும்போது என்ன நடந்தது என்று ஒரு வரி குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அக்காவின் கணினியில் டீபக்கரைத் திறந்து, தான் விட்டுவைத்த அந்த வார்த்தையில் நிற்க வேண்டாம் என்று அணைத்துவிட்டு, பதிவாகும் வரியில் குறிப்புப் புள்ளியை வைத்தாள்.

"அக்கா, வழக்கமா அடிப்பியே, அந்த வேகத்துல அடி."

"மாட்டேன். தப்பு வரும்."

"வரட்டும். வரணும்."

"உனக்கு வெளையாட்டா இருக்கா? திங்கக்கிழமை கூண்டு கழுவப் போறவ நான்."

எவ்வளவு சொல்லியும் அக்கா மசியவில்லை. வரிசையில் நின்றவர்கள் உச்சுக்கொட்ட ஆரம்பித்தார்கள். சின்னவளுக்கு வேறு வழி தெரியவில்லை. கூடப்பிறந்தவளுக்கு எங்கே தொட்டால் சுருக்கென்று இருக்கும் என்று கூடப்பிறந்தவளுக்குத்தானே தெரியும்?

"சரி விடு, பாவம். உனக்கும் வயசாகுது. வெரல் முன்ன மாதிரி ஓடாது."

"யாருக்குடி வயசாகுது?"

"இப்பல்லாம் நிதானம் ஐயாவே உன்னைவிட வேகமாம். வெளியில பேசிக்கறாங்க."

"நான் ஒண்ணும் பேசலையேம்மா," என்றார் ஐயா பதறிப்போய்.

"சின்ன வயசுலேருந்தே வேகம் வேகம்னு வாய்தான். டைப்ரைட்டிங் போட்டியில என்ன கெடச்சுது? ரெண்டாவது பரிசு."

"ரெண்டாவதா?" அக்கா நாற்காலியில் நிமிர்ந்தாள். "மேசை ஆடுச்சுடி! ஒரு கால் குட்டை! எல்லாரும் பாத்தாங்க! ஆட்டுக்காரரே, வாங்க இப்படி. மொதப் பரிசு வாங்கினவளுக்கு அவ மாமாதான் நடுவர், தெரியுமா உனக்கு? முயல், வாம்மா. எனக்கு வயசாகுதாம்! உனக்குப் பல்லு மொளைக்கறப்பவே நான் ரெண்டு கையாலயும் அடிச்சவ! கிளி யாருங்க, கிளி?"

வாய் ஒரு பக்கம் ஓட, விரல்கள் விசைப்பலகையில் மழையாகப் பொழிந்தன. சீட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. விரல் வேகம் பிடிப்பதற்கு முன் வந்த தன் சீட்டைப் படித்துவிட்டு ஆட்டுக்காரர் சரி என்று தலையாட்டினார். முயல்காரப் பெண் தன் சீட்டைப் படித்துவிட்டு, பெட்டியைத் திறந்து முயலின் தலையைத் தடவிப் பார்த்தாள்.

"இங்க பாருங்க. 'இடது கொம்பு ஒடிந்தது'ன்னு போட்டிருக்கு."

கிடைக்காத பொருளை முயற்கொம்பு என்று சொல்லி வந்திருக்கிறோம். இங்கே முயலுக்குக் கொம்பு முளைத்து, ஒடிந்தும் போயிருந்தது. கிளிக்கு, 'நீண்ட காதுகளைச் சுத்தம் செய்யவும்' என்று வந்திருந்தது. காத்திருப்பு அறையே குலுங்கிச் சிரித்தது. சிரிப்புச் சத்தம் கேட்டு டாக்டரம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தார். இரண்டு சீட்டுகளையும் வாங்கிப் பார்த்தார்.

"இப்பவாவது ஒத்துக்கறியா? வேகமா போனா தப்பு வருது."

அக்காவின் கைகள் விசைப்பலகையை விட்டு மடிக்கு இறங்கின. சின்னவளைத் திரும்பிப் பார்த்தாள். "நீயே இப்படிப் பண்ணிட்டியேடி," என்றாள். கண் நிறைந்துவிட்டது.

அந்தப் பார்வையைச் சின்னவளால் தாங்க முடியவில்லை. திரையைச் சட்டென்று டாக்டரம்மா பக்கம் திருப்பினாள். வார்த்தைகள் முண்டியடித்துக்கொண்டு வந்தன.

"டாக்டர், இந்த வரியைப் படிங்க. அக்கா தேர்ந்தெடுத்தது முயல். சரியாத்தான் தேர்ந்தெடுத்திருக்கா. அவ பதிவை அழுத்தினப்ப புரோகிராம் கையில இருந்தது ஆட்டோட விவரம். முயல் விவரம் இன்னும் வந்தே சேரல. அடுத்த வரி பாருங்க, தேர்ந்தெடுத்தது கிளி, கையில இருந்தது முயல். விவரம் வர்ற வரைக்கும் பதிவு பட்டனை மூடி வெச்சிருக்கணும். நான் தெறந்து வெச்சிருக்கேன். அக்கா ஒரு தப்பும் பண்ணல. பண்ணினது நான்."

டாக்டரம்மா இரண்டு வரிகளையும் நிதானமாகப் படித்தார்.

"அப்ப நிதானம் மேசையில ஏன் வரல?"

"அங்க நான் மறந்து விட்டுட்டுப் போன இன்னொரு தப்பு, இந்தத் தப்பை மறைச்சுக்கிட்டிருந்தது."

"நேத்து நீயே சோதிச்சுப் பாத்து எல்லாம் சரின்னு சொன்னியாமே?"

"ஒவ்வொரு எடமா நிறுத்தி நிறுத்திப் பாத்தேன் டாக்டர். நிறுத்தினா இந்தத் தப்பு வராது."

டாக்டரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நொண்டற நாயை மேசை மேல படுக்க வெச்சா நொண்டல் தெரியுமா? நடக்க விட்டுத்தான் பாக்கணும். எங்களுக்கு மொத வருஷமே இதைச் சொல்லிக் குடுத்துடுவாங்க."

"எங்களுக்குச் சொல்லித் தரல டாக்டர்," என்றாள் சின்னவள் அசடு வழிய.

அங்கேயே உட்கார்ந்து சரிசெய்தாள். விவரம் வந்து சேரும்வரை பட்டன் திறக்காது. தான் விட்டுவைத்த அந்த வார்த்தையையும் பிடுங்கி எறிந்தாள், ஐயாவின் டீபக்கரையும் மூடினாள். பிறகு டாக்டரம்மாவே பக்கத்தில் நின்று அக்காவை அடிக்கச் சொன்னார். முதலில் தயங்கிய விரல்கள் மூன்றாவது பிராணிக்கு மேல் பழையபடி பறந்தன. முயலின் கொம்பு போய்விட்டது, கிளியின் காதும் போய்விட்டது. நிதானம் ஐயா மட்டும் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தார். "இன்னிக்கு அனுமதியே கேக்கலையேம்மா," என்று கவலைப்பட்டார்.

"சரி," என்றார் டாக்டரம்மா அக்காவிடம். "முன்மேசை உன்னுதுதான். உன்னைத் தப்பா சொல்லிட்டேன், மனசுல வெச்சுக்காத." பிறகு சின்னவள் பக்கம் திரும்பினார். "ஆனா தப்பு பண்ணினவங்க திங்கக்கிழமை கூண்டறைக்குப் போகணும்னு சொல்லியிருந்தேன். சொன்ன பேச்சை மாத்தற பழக்கம் எனக்கில்ல."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றுதான் சின்னவள் முதலில் நினைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தபிறகு அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை ரப்பர் காலணியும் கையில் குழாயுமாகக் கூண்டறையில் நின்றாள். முப்பத்தெட்டு கிலோ நாய் அவள் துடைத்த இடத்தையெல்லாம் மிதித்து, மறுபடி துடைக்க வைத்துக்கொண்டிருந்தது. மதியம் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் அக்கா வந்து கதவில் சாய்ந்து நின்றாள். நன்றாகச் சிரிக்கப் போகிறாள் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். அக்கா சிரிக்கவில்லை.

"நான்தான்னு நானே நம்பிட்டேன்டி," என்றாள். "எல்லாரும் சொன்னப்பகூட நம்பல. நீயும் பாத்துட்டு புரோகிராம்ல தப்பு இல்லன்னு சொன்னப்ப நம்பிட்டேன். என் கையைப் பாத்தாலே எனக்கு பயமா இருந்துச்சு."

சின்னவள் குழாயைக் கீழே வைத்தாள். பிறந்ததிலிருந்து கூடவே இருக்கும் அக்காவை விட, தான் எழுதிய நாலு வரியைத்தான் அவள் பெரிதாக நம்பியிருந்தாள். அது நெஞ்சில் குத்தியது. "மன்னிச்சுடுக்கா," என்றாள். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்த மூலையை ஒழுங்காத் துடை," என்றாள்.

முன்பக்கத்தில் மணி அடித்தது. யாரோ பிராணியைக் கொண்டுவந்துவிட்டார்கள். அக்கா முகத்தை ஒரே துடையாகத் துடைத்துக்கொண்டு நடைபாதையில் தடதடவென்று ஓடினாள். ஏதோ தட்டு இடிபட்டு விழுந்த சத்தம் கேட்டது. வழக்கம்போல் டாக்டரம்மாவின் குரல் எழுந்தது.

"மெதுவா போம்மா, மெதுவா!"

சின்னவள் ஈரக்கையோடு கூண்டறை வாசலுக்கு ஓடி வந்தாள்.

"ஓடட்டும், விடுங்க டாக்டர்!" என்று கத்தினாள்.